கட்டளையோடு வரட்டும்

முல்லைத்தீவைச் சேர்ந்த புகைப்பட ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன் 2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி அளம்பிலில் உள்ள பயங்கரவாத விசாரணைப் பிரிவின் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு, மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார். செம்மணிப் புதைகுழி அகழ்வைத் தொடர்ந்து படமெடுத்து வந்தவர் அவர். அந்தச் செய்திக்குப் பிறகு வன்னியில் இளையவர்கள் கூடுகிற இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "நாளைக்கு எங்களைக் கூப்பிட்டால் போனை என்ன செய்யிறது?" கூடவே ஒரு நம்பிக்கையும் சொல்லப்படுகிறது. "புது ஐபோனை கோர்ட் ஓடர் கொண்டுவந்தாலும் திறக்கேலாதாம்."

அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி எங்கள் பிள்ளைகள் விசாரணை அறைக்குள் போகக்கூடாது. நீதிமன்றம் கட்டளையிட்டு, அந்தக் கட்டளையின் பின்னால் ஒரு அரசு பணத்தோடும் பொறுமையோடும் நின்றால், எந்தப் பூட்டும் உங்கள் தரவு முழுவதையும் காப்பாற்றாது. ஆனால் வன்னியில் "லொக்கை எடுங்கோ" என்று கேட்பவர்கள் கையில் நீதிமன்றக் கட்டளையோடு வருவது அரிது. வீட்டு வாசலில், நினைவேந்தல் திடலில், சிவில் உடையில் வருகிறவர் வாயால் கேட்கிறார். பூட்டின் முழுப் பெறுமதியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கேட்பவரை நீதிமன்றத்தின் வழியாக வரச்செய்வதற்கே அது பயன்படும். வந்த கட்டளையைத் தடுத்து நிறுத்த உதவாது.

பூட்டுக்கும் கட்டளைக்கும் நடந்த பெரிய மோதல் அமெரிக்காவில் நடந்தது. 2015 டிசெம்பர் 2இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோவில் 14 பேரைச் சுட்டுக்கொன்ற இருவரில் ஒருவரின் ஐபோன் 5சி, பூட்டியபடி எஃப்பிஐயின் கைக்கு வந்தது. பத்துத் தடவை பிழையான எண்ணைப் போட்டால் உள்ளிருப்பது அழிந்துவிடக்கூடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். 2016 பெப்ரவரி 16இல் நீதவான் ஷெரி பிம், அந்தப் பாதுகாப்பை முடக்கும் மென்பொருளைச் செய்துகொடுக்குமாறு அப்பிள் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டார். அதற்கு அவர் கையிலெடுத்தது 1789ஆம் ஆண்டுச் சட்டம். அப்பிளின் தலைவர் ரிம் குக் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். வாதப் பிரதிவாதம் உச்சத்தில் இருந்தபோது, மார்ச் 28இல், அமெரிக்க அரசு தன் கோரிக்கையை மீளப்பெற்றது. வெளியார் ஒருவரின் உதவியோடு போனைத் திறந்துவிட்டார்கள். சட்டக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை. அந்த போனிலிருந்து ஐகிளவுட்டில் சேர்ந்திருந்த பிரதிகளையோ, மோதல் தொடங்குவதற்கு முன்பே அப்பிள் கொடுத்திருந்தது.

அந்தக் கடைசி விடயத்தைத்தான் எங்கள் ஆட்கள் கவனிக்கவேண்டும். கட்டளை பூட்டை உடைத்துக்கொண்டு வரவேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு வரும். யாருக்கு எப்போது எடுத்தீர்கள், எந்தக் கோபுரத்தின் கீழ் நின்றீர்கள் என்பதெல்லாம் தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. சிம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியிருக்கிறது. பொலிஸார் 'பி' அறிக்கையோடு நீதவானிடம் போவார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவின்படி விசாரணைக்கு உதவும் கட்டளைகளை நீதவான் கொடுப்பார். நிறுவனம் பட்டியலை அனுப்பிவைக்கும். உங்கள் போன் உங்கள் சட்டைப்பையிலேயே பூட்டியபடி கிடக்கும்.

வட்ஸ்அப் செய்திகள் வழியில் யாரும் வாசிக்கமுடியாதபடி 2016 ஏப்ரலிலிருந்து மறைகுறியாக்கப்படுகின்றன. உண்மை. ஆனால் பலருடைய போன் ஒவ்வொரு இரவும் அதே செய்திகளின் பிரதியைக் கூகிள் டிரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிரதிக்கும் மறைகுறியீடு போடும் வசதி 2021 இறுதியில் வந்தது. அதை நீங்கள்தான் அமைப்புக்குள் போய் இயக்கவேண்டும். டொனால்ட் ட்ரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் போல் மனஃபோர்ட்டின் வட்ஸ்அப் செய்திகள் 2018இல் வழக்குத் தொடுநரின் கைக்குப் போனது அவருடைய ஐகிளவுட் கணக்கு வழியாக. போதாதற்கு, ஒவ்வொரு செய்திக்கும் மறுமுனை ஒன்று உண்டு. நீங்கள் அழித்தது ரொறன்ரோவிலோ பரிஸிலோ உள்ள மைத்துனரின் போனில் இருக்கும்.

வன்னியில் நிலைமை இன்னும் பலவீனம். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ கொமினிக்கேசன் கடைக்குப் போய் அன்ட்ரொயிட் போன் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஜிமெயில் கணக்கைக் கடைத் தம்பியே திறந்துகொடுப்பார். பெயரும் அதன் பின்னால் 123உம் சேர்த்து ஒரு கடவுச்சொல். அதைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பேனையால் எழுதித் தருவார். வீட்டில் அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலே இருக்கும், யார் வந்தாலும் எடுக்கலாம். திரையைத் திறக்க 'எல்' எழுத்துப் போல ஒரு கோடு. விரல் இழுத்த தடம் கண்ணாடியில் வெளிச்சத்துக்குத் தெரியும். உள்ளே இருப்பதோ, 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார்களில் ஒருவர் இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்துவைத்தது: மகனின் படங்கள், மற்றக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், சட்டத்தரணியின் குரல் பதிவுகள், வெளிநாட்டில் உள்ளவர்களின் இலக்கங்கள். அந்தத் திரை திறந்தால் அவரோடு நின்ற அத்தனை குடும்பமும் வெளியே வந்துவிடும். அவர்களில் எவரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே முதலில் அந்த ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். திரையில் இழுக்கும் கோட்டுக்குப் பதிலாக ஆறு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை வையுங்கள். பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம். விசாரணைக்கு அழைப்பு வந்தால் போகுமுன் போனை முழுதாக அணைத்துவிடுங்கள். அணைத்துத் திரும்பப் போட்ட போனில், எண்ணை ஒருமுறை அடிக்கும்வரை மறைகுறியீட்டுத் திறவுகோல் நினைவகத்தில் இராது. விரலடையாளமும் முகமும் வேலைசெய்யாது. தடயவியல் கருவிகளுக்கு மிகக் கடினமான நிலை அதுதான். ஐபோன்கள் மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தால் தாமாகவே அணைந்து எழும்புகிற ஏற்பாட்டை அப்பிள் 2024இல் கொண்டுவந்ததும், கூகிள் 2025இல் அதைப் பின்பற்றியதும் இதனால்தான். விரலடையாளம் சுகமானது. ஆனால் பிடித்து அழுத்தினால் திறக்கும். மனதில் இருக்கும் எண்ணை அப்படிப் பிடித்து அழுத்த முடியாது.

அழைப்பு வந்தபிறகு அழிக்கத் தொடங்காதீர்கள். இதைச் சொல்லாமல் விடமுடியாது. குற்றமே செய்யாதவர்கூட பயத்தில் செய்திகளை அழித்து, சாட்சியத்தை மறைத்தார் என்ற பழியைத் தானாகத் தேடிக்கொள்கிறார்.

கட்டளையே வந்து, எண்ணைச் சொல்லமாட்டேன் என்று ஒருவர் நின்றால் என்னவாகும்? நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிலடெல்பியாவில் முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர் சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள் உள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட வன்தட்டுகளைத் திறந்துகொடுக்க மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காக 2015இலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். இப்படிப் பதினெட்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொன்ன பிறகே வெளியே வந்தார். இந்தியாவில் கர்நாடக மேல் நீதிமன்றம் 2021இல் ஒரு விதமாகவும், டில்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022இல் வேறு விதமாகவும் சொல்லின. கடவுச்சொல்லைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது டில்லி நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பிரித்தானியாவில் சட்டம் இறுக்கமானது. 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி திறவுகோலைக் கொடுக்க மறுப்பதே குற்றம். சாதாரண வழக்கில் இரண்டு ஆண்டு, தேசிய பாதுகாப்பு என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. லண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கும் கிளிநொச்சி வீட்டுக்கும் வந்துபோகும் உறவுகள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. ஹீத்ரோவில் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையின் கீழ் மறித்தால் அதற்குச் சந்தேகம்கூடத் தேவையில்லை. கேஜ் என்ற உரிமை அமைப்பின் முஹம்மத் ரப்பானி 2016இல் அங்கே கடவுச்சொல்லைக் கொடுக்க மறுத்தார். 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதியரசர்கள் சேர்ந்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று அறிவித்தார்கள். இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; தேசிய பாதுகாப்பு என்ற வாசலை அதுவும் திறந்தே வைத்திருக்கிறது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதை 2007ஆம் ஆண்டின் குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஏற்கிறது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் அதைத்தான் உடைத்தது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்தால் செல்லும் என்றது. அந்த ஒரு வரியால் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் ஒப்பமிட்டுப் பல்லாண்டுகள் சிறையில் கிடந்தார்கள் என்பதை இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு பிடியாணையோ தேடுதல் ஆணையோ இல்லாமல் கைதுசெய்யவும், சோதனையிடவும், பொருளைக் கைப்பற்றவும் விடுகிறது. கைத்தொலைபேசி என்பதே இல்லாத காலத்தில் எழுதிய பிரிவு அது. அலுமாரியில் கிடக்கும் ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுப்பதற்கு எழுதிய சொற்களால் இன்று ஒரு மனிதரின் பத்தாண்டு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

நல்ல விதி எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தரவைத் தேடவும் இடைமறிக்கவும் 18ஆம் பிரிவு பொதுவாக நீதவானின் ஆணையைக் கேட்கிறது; தாமதித்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்பது போன்ற அவசர நிலைகளுக்கு மட்டும் விலக்கு. கணினியைத் தொடும் பொலிஸ் அதிகாரிக்குத் தகவல் தொழில்நுட்பத்தில் போதிய அறிவும் திறனும் உண்டென்று பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்றளித்திருக்க வேண்டும். கைப்பற்றியவற்றின் முழுப் பட்டியலைத் திகதியோடும் நேரத்தோடும் உரியவருக்குக் கொடுக்கவேண்டும். விசாரணையில் ஈடுபடுபவர்கள் இரகசியம் காக்கவேண்டும். விசாரணைக்கு உதவும் கடமை எங்களுக்கும் அதே சட்டத்தில் உண்டு, அது நியாயம்தான். ஆனால் இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணைகளுக்கே. வங்கிக் கணக்கை ஊடறுத்தவனின் கணினிக்குக் கிடைக்கும் மரியாதை, மகனைத் தேடும் தாயின் போனுக்குப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கிடைக்காது.

கைப்பற்றிய போனுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது பூட்டைவிடப் பெரிய விடயம். 2020 ஜனவரி 4இல் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் மாதிவெல வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டார்கள். அங்கே எடுத்த தொலைபேசி உரையாடல் பதிவுகள் சில நாட்களுக்குள் நாடெங்கும் ஒலித்தன. நீதிபதிகள், பொலிஸ் அதிகாரிகள், தனிப்பட்ட பெண்கள் எல்லோருடைய குரலும் சந்திக்கு வந்தது. கொழும்பில் ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கே அதுதான் நிலை. இந்தியாவில், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசுசபைத் துறவி ஸ்டான் சுவாமி 2020 ஒக்டோபரில் கைதாகி, பிணையின்றி 2021 ஜூலை 5இல் இறந்தார். அவருடைய கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்ததாக பொஸ்டனின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2022 டிசெம்பரில் அறிக்கை தந்தது. அதற்குள் அவர் இல்லை. சேர்பியாவில் செயற்பாட்டாளர்களின் போன்களை இஸ்ரேலின் செலபிரைட் கருவியால் திறந்து, உளவு மென்பொருளை ஏற்றித் திருப்பிக் கொடுத்ததை சர்வதேச மன்னிப்புச் சபை 2024 டிசெம்பரில் வெளிக்கொணர்ந்தது. போன் திரும்பி வந்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. உள்ளடக்கத்தைப் பிரதியெடுக்கும்போதே அதன் எண்முறைக் கைரேகையைக் கணித்து, அந்த எண்ணை உரியவருக்கு எழுதிக்கொடுத்தால் பிறகு ஒரு எழுத்து மாறினாலும் பிடிபடும். செலவில்லாத வேலை அது.

இத்தனையும் எழுதும் நான் நீதிமன்றக் கட்டளைக்கு எதிரானவன் இல்லை. ஊடகவியலாளர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். இன்னொரு ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் ஆக்கப்பட்டார். இரு விசாரணைகளும் இராணுவப் புலனாய்வின் பக்கம் திரும்பியதற்குத் தொலைபேசி அழைப்புப் பதிவுகளே வழிகாட்டின. எங்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் வழக்குகள் என்றாவது ஒருநாள் நேர்மையாக விசாரிக்கப்படுமானால், அன்றைக்கு எங்களுக்கே அந்தக் கட்டளைகள் தேவைப்படும். வெடுக்குநாறிமலையில் 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி இரவில் எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அன்று அங்கே நடந்ததை உலகம் பார்த்தது, அங்கே நின்றவர்களின் போன்களில் பதிவான காட்சிகளால்தான். பதிவும் வேண்டும், நீதிமன்றமும் வேண்டும்.

நீதிமன்றத்தின் பலத்தையும் மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. குருந்தூர்மலை வழக்கைக் கையாண்ட முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார். நீதிபதிக்கே அந்த நிலையென்றால் என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் நீதவானின் ஒப்பத்தோடு வரும் தாளில் ஒரு வழக்கு இலக்கம் இருக்கும், திகதி இருக்கும், எதைத் தேடுகிறார்கள் என்பது எழுதியிருக்கும். அதை எதிர்த்து ஒரு சட்டத்தரணி எழுந்து பேசலாம். வாயால் கேட்டு வாங்கிப்போன போனுக்கு அப்படி எதுவும் மிஞ்சாது.

பயங்கரவாதத் தடைச்சட்டத்துக்குப் பதிலாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வந்தன, சட்டமாகவில்லை. இப்போதைய அரசாங்கமும் அந்தச் சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதி கொடுத்தே வந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும், கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து உறுப்பினர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். புதிதாக எந்தச் சட்டம் வந்தாலும், கணினிக் குற்றங்கள் சட்டத்தில் இருக்கும் ஆணையும் சான்றளித்த அதிகாரியும் கைப்பற்றல் பட்டியலும் இரகசியக் கடமையும் எல்லா விசாரணைக்கும் பொதுவாகட்டும். விரலைப் பிடித்துத் திறப்பது சட்டவிரோதம் என்று எழுதப்படட்டும். கட்டளையில்லாமல் எடுத்த தரவு சாட்சியமாகாது என்று எழுதப்படட்டும். சட்டத்தரணிகள் சங்கங்கள் இதற்கான வரைவைத் தாங்களே எழுதிக் கையளிக்கலாம்.

அதுவரை, யாராவது போனைக் கேட்டால் மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்: "ஐயா, எந்தச் சட்டத்தின் கீழ்? கோர்ட் ஓடர் இருக்கா? உங்கட பெயரையும் இலக்கத்தையும் எழுதித் தருவீங்களா?" கொண்டுபோனால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானவர் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டியது சட்டம். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போகவேண்டுமானால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகிறது. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.